கைக்கெட்டிய மீனும் காத்திருக்கும் மனமும்

கொல்லிமலைக்குப் புகழ் இரண்டு வகையில் வந்தது. ஒன்று வேட்டையால் வந்தது. மற்றொன்று வேட்டையாடாமையால் வந்தது.

வேட்டையால் வந்த புகழுக்கு உரியவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்து எண்ணப்படும் அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பின் உடலிற் சென்று தைத்ததாக வன்பரணர் பாடிய பாட்டு புறநானூற்றில் 152ஆம் பாட்டாக உள்ளது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை நிற்கிறது. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு அவன் பெயரால் விழா எடுக்கிறது. ஆயினும் அப்பாட்டில் வில்லாற்றலைவிட உயர்ந்த செய்தி ஒன்று உண்டு. தன்னை இன்னான் என அறியாத பாணர் கூட்டம் தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தபோது அவ்வேட்டுவன் நாணினான். வேட்டையிற் கிடைத்த இறைச்சியைச் சமைத்து அவர்களுக்கு விருந்திட்டான். பின்னர்த் தன் மலையிற் பிறந்த பொன்னையும் அள்ளிக் கொடுத்தான். வேட்டையில் மகிழ்ந்தவன்தான். ஆனால் அம்மகிழ்ச்சி தற்பெருமையாகத் திரியாமல் ஈகையாக முடிந்தது.

வேட்டையாடாமையால் வந்த புகழ் ஐயாற்றுக்கு உரியது. ஐந்து ஓடைகள் கூடி ஆறாகி, ஆகாய கங்கை என்னும் அருவியாய் வீழ்ந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் நீர் அது. அருவிக்கு மேலே அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. அக்கோயிலை அடுத்த நீரில் வாழும் மீன்களை மலைமக்கள் பிடிப்பதில்லை, உண்பதும் இல்லை. வருவோர் அவற்றுக்கு இரையிடுவர். முன்னொரு காலத்தில் ஒருவர் அந்நீரின் மீனை அறுத்துச் சமைக்க முற்பட்டபோது, துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி உயிர்பெற்று மீண்டும் ஆற்றிற் பாய்ந்தன என்பது அவர்களுடைய தலபுராணம். அது அவர்களுடைய நம்பிக்கை. நமக்கு நம் நம்பிக்கை உண்டு. ஆயினும், சமைத்த மீன் உயிர்பெற்றுக் கடலில் வழி கண்டுகொண்ட நிகழ்ச்சி நம் திருமறையிலும் மூஸா நபி (அலை) அவர்களின் பயண வரலாற்றில் (18:61-63) வருவதை ஓதியறிந்த எவரும், அந்த ஆற்றங்கரையில் நிற்கும்போது நினைவுகூராமல் இருக்க இயலாது.

ஒரே மலை வேட்டுவனையும் கொண்டாடுகிறது, வேட்டைக்கு அகப்படாத மீனையும் கொண்டாடுகிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையா? உயிரைப் பிடிப்பதில் மனிதன் மகிழலாமா? மகிழலாமெனில் அம்மகிழ்ச்சியின் எல்லை எது? இக்கட்டுரை ஆராய விரும்புவது இதனையே.

நான்கு தோழர்கள்

ஒரே அரபு மதரஸாவில் ஒரே பாயில் அமர்ந்து ஓதிய நாங்கள் நால்வர் ஆண்டுக்கொரு முறை கொல்லிமலையிற் கூடுவதுண்டு. ஐம்பதைக் கடந்த வயது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து ஏறுவதற்குள் ஒருவர்க்குத் தலை சுற்றும், இன்னொருவர்க்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஆயினும் வருகை தவறுவதில்லை. நாங்கள் கூடும் காலம் ஆனி மாதம். அதற்குக் காரணம் உண்டு. எங்களுள் ஒருவர் பட்டுக்கோட்டைக் கடற்கரைப் பகுதியில் இமாமாக இருப்பவர். கடல் திறந்த பின்னர்தான் அவர் வருவார். வரும்போது பனிக்கட்டிப் பெட்டியில் மீன் கொண்டு வருவார். அதனைச் செம்மேட்டில் நாங்கள் தங்கும் இடத்திலேயே சமைத்து உண்டு முடித்த பிறகே மற்ற இடங்களுக்குப் புறப்படுவோம். கோயில் எல்லையை நோக்கி அவ்வுணவை எடுத்துச் செல்வதில்லை. அயலார் எதனை மதிக்கின்றனரோ அதன் அருகே நாம் அடக்கமாக நடந்துகொள்வது மார்க்கம் கற்பிக்கும் அண்டை வீட்டார் உரிமையைச் சேர்ந்தது.

மற்றொருவர் குன்னூரைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்களுக்குத் துணையாளாக அவலாஞ்சி ஆற்றங்கரைக்குச் சென்று வந்தவர். ஐயாற்று மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம் தந்தையார் கூறக் கேட்ட ட்ரௌட் மீனின் கதையை அவர் சொல்லத் தொடங்கினார். எங்கள் உரையாடல் அங்கிருந்து தொடங்கி இரண்டு நாள் நீடித்தது.

குளிர்நீர் மீன்

ட்ரௌட் நம் நாட்டு மீன் அன்று. தெளிந்து ஓடும் குளிர்ந்த நீரே அதற்கு வேண்டும். நீரின் வெப்பம் இருபது பாகைக்கு மேல் ஏறினால் அது துன்புறும். அதனாலேயே கொல்லிமலையில் அதற்கு இடமில்லை. நீலகிரியின் உச்சியிலோ இடமுண்டு. 1863ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் அதனை நீலகிரிக்குக் கொணர முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரின் முயற்சியால் வானவில் ட்ரௌட் என்னும் வகை அங்கு வேரூன்றியது. 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. காசுமீரத்துக்கு அதன் உறவினமான பழுப்பு ட்ரௌட் 1900ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாக வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு அனுப்பப்பட்டவை வழியிலேயே அழிந்தன.

இம்மீன் ஓடும் நீரின் அடியிலுள்ள கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடும். பெண்மீன் வாலால் கற்களை விலக்கிக் குழி செய்து, முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடும். அக்காலத்தில் ஆற்றில் இறங்கி நடப்பவனின் காலடி ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையை நசுக்கக்கூடும். ஆதலால் ட்ரௌட் வாழும் நாடுகளில் எல்லாம் முட்டைப் பருவத்தில் தூண்டிலுக்குத் தடை விதித்தனர். இமாசலப் பிரதேசத்தில் நவம்பர் முதல் நாளிலிருந்து பிப்ரவரி இறுதி வரை தடை. காசுமீரத்தில் ஏப்ரலில் திறந்து செப்டம்பர் இறுதியில் மூடுவர்.

பருவம் திறக்கும் நாள், தூண்டிற்காரர்களுக்குப் பெருநாள் போன்றது என்று தம் தந்தையார் கூறுவாராம். பல மாதம் மூலையில் கிடந்த கோலைத் துடைத்தெடுப்பர். ஆண்டு முழுதும் காணாத நண்பர்கள் விடியுமுன் ஆற்றங்கரையில் கூடுவர். பெரும்பாலும் முதல் நாளில் மீன் அதிகம் அகப்படுவதில்லை. எனினும் மாலையில் வெறுங்கூடையோடு திரும்புவோர் முகத்திலும் மலர்ச்சி இருக்கும். “மீன் கிடைக்காதபோதும் அவர்கள் எதற்காக மகிழ்ந்தார்கள் என்பது வாப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை” என்றார் நண்பர்.

அக்கேள்வி எங்கள் மனத்திற் பதிந்தது. மீனுக்காக மகிழ்ந்தார்கள் என்றால் மீன் கிடைக்காதவன் வருந்தியிருக்க வேண்டும். அவர்கள் கொண்டாடியது வேறொன்றாக இருத்தல் வேண்டும்.

கடலோரத்தில் எழுந்த கேள்வி

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த கடற்கரை நண்பர் தம் ஊர்ச் செய்திக்கு வந்தார். தமிழகத்தின் கிழக்குக் கடலில் 2001ஆம் ஆண்டு முதல் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் நாற்பத்தைந்து நாளாக இருந்தது பின்னர் அறுபத்தொரு நாளாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குள் செல்லலாகாது. விசையில்லாத நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. அந்த இரண்டு மாதமும் மல்லிப்பட்டினம் போன்ற துறைமுகங்களில் படகுகள் கரையேறி நிற்கும். பழுது பார்ப்பர், வண்ணம் பூசுவர், வலை பின்னுவர். அரசு ஒரு நிவாரணத் தொகை தருகிறது. அது குடும்பத்துக்குப் போதாது. கடன் ஏறும். வீட்டில் நகை அடகுக்குப் போகும். ஜூன் 14 நள்ளிரவு கடந்ததும் துறைமுகம் உயிர்பெறும்.

இந்நிலையில் ஊர் இளைஞர் சிலர் இவரிடம் வந்து கேட்டிருக்கின்றனர்: “ஹஜ்ரத், இஹ்ராம் கட்டியவருக்கே கடல் வேட்டை ஹலால் என்று நீங்கள்தான் பாடம் சொன்னீர்கள். அல்லாஹ் இஹ்ராமிலும் தடுக்காத மீனைச் சித்திரையில் பிடிக்காதே என்று தடுக்க இவர்கள் யார்? யாரோ சிலர் இரவோடிரவாகப் படகை இறக்கி நல்ல காசு பார்க்கிறார்கள். நாங்கள் மட்டும் ஏன் கரையில் கிடக்க வேண்டும்?”

இது குதர்க்கம் அன்று. இஹ்ராமில் நிலத்து வேட்டை விலக்கப்பட்டதும் கடல் வேட்டை ஆகுமாக்கப்பட்டதும் திருமறையின் தெளிவான சட்டம் (5:96). பசித்த வயிறும் சட்ட அறிவும் ஒன்றுசேர்ந்து எழுப்பும் கேள்விக்குப் பொறுப்பாக விடை சொல்ல வேண்டும். “அரசு சொன்னது, கேட்டுக்கொள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஆலிமுக்கு அழகன்று. நாங்கள் நால்வரும் ஓதியவற்றை நினைவிற்கொண்டு கருத்துப் பரிமாறினோம். அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

ஒரு பொருள் ஹலால் என்பது வேறு. அதனை எப்போதும் எவ்விதத்திலும் அடையலாம் என்பது வேறு. வாணிகம் ஹலால். ஆயினும் ஜும்ஆத் தொழுகைக்கு அழைப்பு விடுக்கப்பட்டபின் வாணிகத்தை விட்டுவிடுமாறு திருமறை ஏவுகிறது (62:9). அந்நேரத்தில் ஒருவன் விற்றால், ஷாஃபிஈ மத்ஹபின்படி விற்பனை செல்லும், விற்றவன் குற்றவாளியாவான். பொருள் கெடவில்லை, செயல் கெட்டது. தடைக்காலத்தில் பிடித்த மீனும் இத்தகையதே எனலாம். மீன் ஹராமாகிவிடாது. ஆனால் பிடித்தவன் செயல் மாசுற்றது.

ஏன் மாசுற்றது? ஆட்சியாளரின் நடவடிக்கை மக்கள் நலனோடு பிணைக்கப்பட்டது என்பது ஃபிக்ஹு விதிகளுள் ஒன்று. இமாம் சுயூத்தி (ரஹ்) தம் ‘அல்அஷ்பாஹ் வந்நளாயிர்’ நூலில் அதனைத் தனி விதியாகவே விளக்கியுள்ளார். ஆகுமான ஒன்றைப் பொதுநலன் கருதி ஒரு காலத்துக்கு நிறுத்திவைக்க ஆட்சிக்கு இடமுண்டு. அந்த நலன் உண்மையானதாக இருத்தல் வேண்டும். சினை மீனைப் பிடித்தால் அடுத்த ஆண்டு கடல் வெறிச்சோடும் என்பதை வலைஞர்களே அறிவர். அன்றியும், கரையில் நிற்கும் நூறு படகுகளின் பொறுமையை ஒரு படகு திருடிக்கொள்வது போன்றது அந்த இரவுப் பயணம். ஏனையோர் நகையை அடகு வைத்துக் காத்த மீனை அவன் விற்றுக் காசாக்குகிறான். அது அமானித மோசடி அன்றோ?

எட்டும் தூரத்தில் வந்த சோதனை

இதில் இன்னும் ஆழமான கருத்து ஒன்று உள்ளது. அதற்குத் திருமறை கூறும் இரண்டு நிகழ்ச்சிகளை இணைத்துச் சிந்திக்க வேண்டும்.

ஒன்று, சனிக்கிழமைவாசிகளின் வரலாறு (7:163-166). கடலோர ஊர் ஒன்றில் வாழ்ந்த இஸ்ரவேலர்க்குச் சனிக்கிழமையில் மீன்பிடிப்பது விலக்கப்பட்டிருந்தது. விலக்கப்பட்ட அதே நாளில்தான் மீன்கள் நீர்மட்டத்தில் தலைகாட்டி வரும். மற்ற நாட்களில் வருவதில்லை. அவர்களுட் சிலர் வெள்ளிக்கிழமையே வலையிட்டும் குழி வெட்டியும் வைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டனர் என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரைப் போக்கினர். அவ்வூரார் மூன்று பிரிவாயினர் என்பதும் கருதற்பாலது. மீறியோர் ஒரு பிரிவு, தடுத்துரைத்தோர் ஒரு பிரிவு. இவர்களுக்குச் சொல்லி என்ன பயன் என்று ஒதுங்கியோர் ஒரு பிரிவு.

மற்றொன்று, ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராமில் இருந்த ஸஹாபாக்களுக்கு நேர்ந்தது. கையாலும் ஈட்டியாலும் எட்டிப் பிடிக்கத்தக்க அளவில் வேட்டைப் பிராணிகள் அவர்களை நெருங்கி வந்தன. மறைவில் இறைவனை அஞ்சுவோர் யார் என்பது வெளிப்படும் சோதனையாக அது அமைந்தது என்று திருமறை அறிவிக்கிறது (5:94). அவர்கள் கையை நீட்டவில்லை.

இரண்டிலும் பொதுவானது ஒன்று. விலக்கப்பட்ட காலத்தில்தான் இரை மிக நெருங்கி வருகிறது. இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய அற்புதம் என்று கருதிவிட வேண்டாம். இயற்கையின் நடைமுறையே இப்படித்தான் அமைந்துள்ளது. முட்டையிடும் காலத்தில் மீன் ஆழத்தை விட்டு ஆழமற்ற நீருக்கு வரும், கூட்டமாகச் சேரும், அச்சத்தை மறக்கும். புதுவெள்ளம் வரும்போது வாய்க்காலிலும் வயலிலும் நீரை எதிர்த்து ஏறிவரும் மீனைச் சிறுவனும் கூடையால் அள்ளிவிடலாம். ட்ரௌட் கற்படுகையில் முட்டையிடும்போது முழங்கால் நீரில் கண்ணுக்குத் தெரிய நிற்கும். எப்போது பிடிப்பது எளிதோ அப்போதுதான் பிடிப்பது பெருங்கேடு. கைக்கெட்டியதைக் கைவிடுகிறவனே வருங்காலத்துக்கு வழிவிடுகிறான். மனிதனுக்கு அறம் தேவைப்படும் இடமும் இதுவே. எட்டாத ஒன்றை விட்டுவிடுவதற்கு எந்தத் தக்வாவும் வேண்டியதில்லை.

தடைக்குப் பின் வரும் அனுமதி

இனி, திறக்கும் நாளின் மகிழ்ச்சிக்கு வருவோம். இஹ்ராமிலிருந்து விடுபட்டால் வேட்டையாடுங்கள் என்னும் பொருளில் திருமறையில் ஓர் ஏவல் வருகிறது (5:2). உஸூலுல் ஃபிக்ஹு கற்போர்க்கு அது பழகிய எடுத்துக்காட்டு. தடைக்குப் பின் வரும் ஏவல் எதனைக் குறிக்கும்? இஹ்ராம் களைந்தவர் ஒவ்வொருவரும் வில்லெடுத்துக் காட்டுக்குச் சென்றாக வேண்டும் என்று யாரும் கூறவில்லை. அத்தகைய ஏவல் வெறும் அனுமதியையே குறிக்கும் என்பர் அறிஞர் பலர். தடைக்கு முன் அச்செயல் எந்த நிலையில் இருந்ததோ அந்நிலைக்கே திரும்பும் என்பர் வேறு சிலர். எப்படியாயினும் சட்டம் தன் பழைய இடத்துக்கு வந்து சேர்கிறது.

ஆனால் மனிதனின் உள்ளம் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை என்பதே என் கருத்து. தடைக்கு முன் மீன்பிடித்தவன், கடல் தனக்கு உரியது என்று எண்ணியிருக்கலாம். அறுபத்தொரு நாள் கரையில் நின்று பார்த்துவிட்டுச் செல்பவன், கடல் தனக்குத் தரப்பட்டது என்பதை அறிகிறான். உரிமை என எண்ணியது அருட்கொடையாகத் தெரிகிறது. நோன்பாளிக்கு இரு மகிழ்ச்சிகள் உண்டு, அவற்றுள் ஒன்று நோன்பு திறக்கும்போது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததன் கருத்தும் இதுவே. பேரீச்சம்பழமும் கஞ்சியும் ஷஅபான் மாதத்திலும் கிடைத்தனவே. அப்போது அவை வெறும் உணவு. மஃக்ரிபு பாங்கு ஒலிக்கும் நொடியில் அதே கஞ்சி வேறொன்றாகிறது. கஞ்சி மாறவில்லை, காத்திருந்தவன் மாறியிருக்கிறான்.

குன்னூர் நண்பரின் தந்தையார்க்கு விளங்காமற்போன புதிருக்கும் விடை இதில் உள்ளது என நினைக்கிறேன். வெறுங்கூடையோடு திரும்பியோர் மீனைக் கொண்டாடவில்லை, காத்திருப்பு முடிந்ததைக் கொண்டாடினர். அதுவும் தனியே அன்று, தம்மோடு காத்திருந்த தோழர்களோடு. நோன்பைத் தனியே திறப்பதற்கும் பள்ளிவாசல் முற்றத்தில் வரிசையாக அமர்ந்து திறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதார் யார்? தடைக்காலத்தில் இரவில் கடலுக்குச் சென்றவனுக்கும் ஜூன் 15 விடியும். அவன் படகும் புறப்படும். ஆனால் அவனுக்கு அது மற்றுமொரு நாளே. திறப்பின் மகிழ்ச்சி, மூடியிருந்ததைப் பேணியவனுக்கு மட்டுமே உரியது. அதனை எவரும் காசு கொடுத்து வாங்க இயலாது.

இவ்விடையைத் தம் ஊர் இளைஞரிடம் அப்படியே சொல்லப் போவதாகக் கடற்கரை நண்பர் கூறினார். ஆயின் அவர் ஒன்றைச் சேர்த்தார்: “பொறுமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தால் போதாது. அந்த இரண்டு மாதம் அடுப்பு எரியவும் ஊர் ஏதேனும் செய்ய வேண்டும்.” உண்மை. நோன்பு வைக்கச் சொல்லும் ஊர்தான் நோன்புக்கஞ்சியும் காய்ச்சுகிறது. தடைக்காலத்தில் வட்டிக்குக் கடன் வாங்கும் நிலைக்கு வலைஞர் குடும்பம் தள்ளப்படாதிருக்க, ஜமாஅத்துகளின் பைத்துல்மால் நிதி வட்டியில்லாக் கடனாகப் பயன்படுமானால், அறிவுரையைவிட அது வலிமையானது.

வரம்பு யாருக்காக?

வரம்பு என்று சொல்லிவிட்டால் எல்லா வரம்பும் நீதியானது ஆகிவிடாது. நீலகிரியில் 1879ஆம் ஆண்டிலேயே வேட்டை விலங்குகளையும் வெளியிலிருந்து கொணர்ந்து பழக்கிய மீன்களையும் காக்கச் சட்டம் இயற்றினர். விலங்கையும் மீனையும் காத்தது நன்றே. ஆனால் யாருக்காகக் காத்தனர் என்று கேட்டால், பெரும்பாலும் வேட்டையையும் தூண்டிலையும் பொழுதுபோக்காகக் கொண்ட அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் பயன்பெறவே என்று விடை வரும். மலையில் பிறந்தவன் எட்டி நின்று பார்த்தான். தன் இன்பத்துக்காகப் பிறர் கையைக் கட்டுவது வரம்பாகாது.

நீதியான வரம்பு விதித்தவனையும் கட்டும், வலியவனை அதிகமாகக் கட்டும். விசைப்படகை நிறுத்திவிட்டுத் துடுப்புப் படகை விட்டுவைக்கும் தடைக்காலத்தில் இந்நீதி ஓரளவு உண்டு. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் எனப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாட்டிலும் அது உண்டு. கொல்லிமலையின் எழுதாச் சட்டத்தில் அது முழுமையாக உண்டு. அந்த நீரில் ஏழையும் பிடிப்பதில்லை, செல்வரும் பிடிப்பதில்லை. மக்காவின் ஹரம் எல்லையில் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது என்னும் சட்டம் அரசனுக்கும் அடிமைக்கும் ஒன்றாக இருப்பதைப் போல. ஹரம் இடத்தால் வரம்பு, இஹ்ராம் காலத்தால் வரம்பு. இரண்டு வகையையும் மனித சமுதாயம் எங்கும் தேடிக்கொண்டுள்ளது என்பது சிந்தித்தற்குரியது.

மகிழ்ச்சியின் ஒழுக்கம்

திறந்த பின்னும் ஒழுக்கம் உண்டு. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் தன்னைக் கொன்றவன்மீது இறைவனிடம் முறையிடும் எனும் கருத்தில் நபிமொழி நஸாயீயில் வருகிறது. உயிருள்ளதை அம்புக்குக் குறியாக நிறுத்துவதை முஸ்லிம் நூலில் வரும் நபிமொழி தடுக்கிறது. உணவுக்காகப் பிடிப்பது ஆகும். வீட்டாருக்கும் அண்டையாருக்கும் கொடுக்கப் பிடிப்பது நன்மையும் ஆகும். துடிப்பதைக் கண்டு களிப்பதற்காகவே பிடிப்பது கல்மனத்தின் அடையாளம்.

மேலை நாடுகளில் ட்ரௌட்டைத் தூண்டிலிற் பிடித்து மீண்டும் நீரிலே விட்டுவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. அதனைக் கருணை என்பர். சிறு மீனையும் சினை மீனையும் விட்டுவிடுவது கடமையே. ஆனால் விடுவதற்கென்றே பிடிப்பதில், மீனின் வாயைக் கிழித்ததற்கு மனிதனின் விளையாட்டைத் தவிர வேறு காரணம் எஞ்சுவதில்லை. நம் அறிஞர்களின் அளவுகோலில், உண்பதற்குப் பிடித்தவனுக்குக் கூறத்தக்க காரணம் உண்டு, விளையாட்டுக்குத் துன்புறுத்தியவனுக்கு அது இல்லை. மீனுக்கு அறுப்பு இல்லை என்பது மார்க்கம் தந்த சலுகை. அதனைக் கொண்டு அதன் துன்பத்தை நீட்டிக்கலாகாது. எதனிலும் நன்முறையைப் பேணுமாறும், அறுப்பதாயின் கத்தியைத் தீட்டி அறுபடும் பிராணிக்கு வேதனையைக் குறைக்குமாறும் ஏவிய மார்க்கம் இது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. வேட்டையின் பின்னே அலைபவன் மறதியாளன் ஆவான் என்னும் கருத்தில் திர்மிதீயிலும் அபூதாவூதிலும் நபிமொழி வருகிறது. தூண்டில் மிதவையைப் பார்த்துக்கொண்டே அஸரைத் தவறவிட்டவர்களை ஆற்றங்கரை ஊர்களில் காணலாம். பழைய நண்பர்களின் பயன் இங்கே தெரியும். தோழமையின் கடமைகளுக்கென இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் தனிப்பகுதியே வகுத்தார். ஒருவர் மிதவையில் மூழ்கியிருக்கும்போது இன்னொருவர் வானத்தின் வெயிலைப் பார்த்து ஒளூவுக்கு எழுந்தால், அவர் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக, மகிழ்ச்சியே மறதி என்று அஞ்சி முகத்தைச் சுளித்துக்கொள்ள வேண்டுவதில்லை. வீட்டுக்குச் சென்று மனைவி மக்களோடு கலந்தால் சபையில் இருந்த உள்ளநிலை மங்கிவிடுகிறதே, நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என ஹன்ளலா (ரலி) அவர்கள் கலங்கி வந்தபோது, இதற்கொரு நேரம் அதற்கொரு நேரம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் அளித்தார்கள். பாடம் சொல்லியும் கணக்குப் பார்த்தும் தளர்ந்த மனிதர் நால்வர் ஆண்டுக்கொரு முறை நீரோரம் அமர்ந்து, இளமைக்காலத்து உஸ்தாதுகளின் கண்டிப்பை நினைத்துச் சிரிப்பதும் அந்நேரத்துள் அடங்கும்.

நம் பிள்ளைகள் வாழும் காலம் மூடிய பருவமே இல்லாத காலம். கோடைப்பழம் மாரியிலும் கிடைக்கிறது. எந்த ஊர் மீனும் எந்த நாளிலும் பனிக்கட்டியில் வந்து இறங்குகிறது. வேண்டும் என்று எண்ணிய நொடிக்கும் கிடைக்கும் நொடிக்கும் இடையே இடைவெளி இல்லை. அதனால் அவர்களுக்கு ஏராளம் கிடைத்தும் மகிழ்ச்சி குறைந்திருப்பதைப் பெற்றோர் பலர் கூறக் கேட்கிறோம். ரமளானில் ஒரு மாதம் நாம் அவர்களுக்குக் கற்பிப்பதை மற்ற மாதங்களுக்கும் சிறிது விரித்துக் கற்பிக்கலாம். சினை மீனைச் சந்தையில் கண்டால் வாங்காதிருக்கலாம், ஏன் வாங்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனி பிறந்து கடல் திறந்ததும் முதல் மீன் வீட்டுக்கு வரும் நாளில், அதில் ஒரு பங்கை அண்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உண்ணச் செய்யலாம். காத்திருக்கவும் பகிரவும் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் கைக்கெட்டும் தூரத்தில் ஹராம் வந்து நிற்கும் நாளில், கையை மடக்கிக்கொள்ள அறிந்திருக்கும்.